தயிர்ச்சட்டியும் பாம்புச் சட்டையும்

எங்கள் தொடர்மாடியில் என்னைப் பாம்பு அன்ரி என்றுதான் சொல்கிறார்கள். வேலை செய்த காலத்தில் பாங்க் அன்ரியாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சில காலம் வெறும் மூன்றாம் மாடி அன்ரி. இப்போது கிடைத்திருக்கும் பெயர்தான் எனக்குப் பிடித்த பெயர். கீழே வாசலில் இருக்கும் காவலாளி, "நோனா, சர்ப்பயா ஹொந்தய்த?" என்று தினமும் சிங்களத்தில் பாம்பின் சுகம் விசாரிப்பார். என்னுடைய சுகத்தை அவர் கேட்டு நாளாகிவிட்டது. அதில் எனக்குக் கோபமே இல்லை. இந்தக் கொழும்பு வெள்ளவத்தையில் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள், கிளி வைத்திருக்கிறார்கள், எலிக்குட்டி அளவில் நாய் வைத்திருக்கிறார்கள். ஒரே துண்டாகச் சட்டை கழற்றும் பாம்பு என் வீட்டில்தான் இருக்கிறது.

பாம்பு மகளுடையது. கோர்ன் ஸ்னேக் என்ற இனம். செம்மஞ்சள் நிறம், விஷம் இல்லை, கையில் எடுத்தால் முழங்கை வரை சுற்றிக்கொண்டு சும்மா இருக்கும். பூர்வீகம் அமெரிக்கா என்றாலும், கொழும்பில் ஒருவர் வீட்டில் முட்டையிலிருந்து வந்த குட்டி அது. மகள் மேற்படிப்புக்காக மெல்பேர்ன் போனபோது கண்ணாடித் தொட்டியோடு அதை என்னிடம் விட்டுப்போனாள்.

"ஒரு வருசம் பாருங்கோ அம்மா. இவன் ஒரு கரைச்சலும் தரமாட்டான்" என்றாள்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். என் கணவர் படையில் இருந்தவர் இல்லை, கணக்காளராக இருந்தவர். ஆகவே இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நடுங்கினார். பாம்பு என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டார். "அந்த ஆள் சாப்பிட்டாரோ?" என்று கேட்பார். அந்த ஆளுக்கு உறைந்த எலிகள் வைக்கத் தனியாக ஒரு குட்டிக் குளிர்சாதனப் பெட்டி பல்கனிப் பக்கம் வைத்தோம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை. அந்த விரதத்தைப் பாம்பும் பிடித்தது.

எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்று உண்டு. அது எங்களுக்கு உரியது இல்லை. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரருக்கு உரியது. வெள்ளவத்தையில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். வீட்டுக்காரர் மின்விசிறியின் கீழே வேர்த்துக்கொண்டு படுப்பார்கள், விருந்தாளி குளிருக்குள்ளே போர்த்திக்கொண்டு படுப்பார். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த என் மச்சாள்கூட ஒருமுறை கனடா போய்வந்த பிறகு, "ஐயோ, இந்த வெக்கை தாங்கேலாது" என்று அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டார். பாம்பும் வெளிநாட்டு வம்சம்தானே. அதே அறையை அதற்கும் கொடுத்து, இரவு பகலாக ஏசியை ஓடவிட்டேன். கணவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார், ஏனென்றால் அந்த அறைக்கு நல்ல இறுக்கமான கதவு இருந்தது.

பாம்பு சட்டை கழற்றும் காலம் வந்தால் அதன் கண் பால் கலந்ததுபோல மங்கும். இரை எடுக்காது, ஒளிந்து கிடக்கும். பிறகு கண் தெளியும். தெளிந்து சில நாட்களில் மூக்கை எதிலாவது உரசி, காலுறை கழற்றுவதுபோலப் பழைய தோலை உதட்டிலிருந்து வால் வரை ஒரே துண்டாக உரித்துப் போடும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் மெல்லிய கண்ணாடிபோல ஒரு செதில் மூடியிருக்கும். அதுவும் தோலோடு சேர்ந்து கழன்று வரவேண்டும். இதையெல்லாம் மகள் சொல்லித்தான் போனாள். ஆனால் என் பொறுப்பில் வந்த முதல் சட்டை, சுவரில் பெயின்ற் உரிவதுபோலச் சின்னச் சின்னத் துண்டாக வந்தது. இரண்டாவது சட்டை அதைவிட மோசம். வால் நுனியில் பழைய தோல் மோதிரம்போல இறுகி நின்றது. இடது கண்ணில் செதில் கழலவே இல்லை.

தொலைபேசியில் படத்தைப் பார்த்ததும் மகளின் முகம் மாறியது.

"வாலில இறுகினா நுனி செத்துப்போகும் அம்மா. கண்ணில பழைய தோல் மேல மேல நிண்டா கண்ணே போயிடும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அடுத்த முறையும் இப்பிடியெண்டா கொட்டாஞ்சேனைக்குக் குடுத்திடுவம். உங்களுக்கும் கஷ்டம்தானே" என்றாள்.

கொட்டாஞ்சேனை என்று அவள் சொன்னது அங்கே இருக்கிற, தன்னோடு வேலை செய்த நண்பனை. கணினி நிறுவனத்தில் வேலை, வீட்டில் நாலைந்து பாம்பு. எனக்குச் சுருக்கென்றது. இவளை வளர்த்து ஆளாக்கியவள் நான். இவளுடைய பாம்பை எனக்கு வளர்க்கத் தெரியாதாம். கோபத்துக்குக் கீழே பயமும் இருந்தது. மகள் போன பிறகு காலையில் எழுந்தவுடன் நானாகப் போய் எட்டிப்பார்க்க அந்த வீட்டில் இருந்த உயிர் அதுதான். கணவரை எட்டிப்பார்க்கத் தேவையில்லை, தேத்தண்ணி கேட்டு அவரே வந்துவிடுவார். அந்தப் பாம்பு என்னை விட்டுப் போகக்கூடாது என்று நான் விரும்பினேன். அதன் கண் என் கையில் கெட்டுவிடக்கூடாது என்று அதைவிட விரும்பினேன்.

நண்பன் வந்து பார்த்தான். நல்ல பிள்ளை, கையும் நல்ல கை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துவாயை நனைத்துப் பிழிந்து அதற்குள்ளே பாம்பை மெல்ல ஊரவிட்டான். வாலில் இருந்த வளையம் கழன்று வந்தது.

"கண்ணை மட்டும் நோண்டவேணாம் அன்ரி. அது அடுத்த சட்டையோட வந்தாத்தான் உண்டு. ஈரப்பதம் காணாது, தொட்டிக்குள்ள தண்ணி விசிறி அடிங்க" என்றான். நான் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தபடி, "கஷ்டமெண்டா சொல்லுங்க, நான் கொண்டுபோறன். எங்கட வீட்ட இன்னொண்டுக்கு இடமிருக்கு" என்றும் சொன்னான். சொல்லும்போது அவன் கண் தொட்டியை அளந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

தண்ணீர் அடித்தேன். நினைத்த நேரமெல்லாம் அடித்தேன். அடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வந்தால் கண்ணாடி காய்ந்திருக்கும். விடுவேனா, இன்னும் அடித்தேன். தொட்டியின் அடியில் போட்டிருந்த மரத்தூள் ஊறி நாற ஆரம்பித்தது. தொலைபேசியில் சொன்னபோது, "ஐயோ அன்ரி, அடி நனைஞ்சா வயித்துச் செதில் அழுகிப்போகும்" என்று பதறினான். அடித்தாலும் குற்றம், அடிக்காவிட்டாலும் குற்றம். இணையத்தில் தேடினேன். எல்லாம் பனி பெய்கிற நாட்டுக்காரர் எழுதியது. விளக்கு போடு, சூடாக்கு என்று இருந்தது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அலுமாரிக்குள் சேலை பூஞ்சணம் பிடிக்கிற, உப்புப் போத்தலில் உப்பு உருகுகிற வெள்ளவத்தையில் ஈரம் எப்படிக் காணாமல் போகும் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

வழி காட்டியது ஒரு அப்பளம். பழைய பெரிய டிவி அந்த ஏசி அறையில்தான் இருக்கிறது. கிரிக்கெட் நடந்தால் மட்டும் என் கணவருக்குப் பாம்புப் பயம் தெளிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு, சோற்றுக் கோப்பையை அலுமாரி மேலே வைத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த நாள் காலையில்தான் கண்டேன். அவரைத் திட்டிக்கொண்டே எடுத்தபோது கோப்பையில் கிடந்த பாதி அப்பளம் கைபட்டுச் சடக்கென்று முறிந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். மொறுமொறுப்பாக இருந்தது.

கொழும்பில் அப்பளத்தின் ஆயுள் எவ்வளவு என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். பொரித்து வைத்தால் ரசத்துக்கு வருவதற்குள் துவண்டுவிடும். அதனால்தான் பந்தி உட்கார்ந்த பிறகு பொரிக்கச் சொல்வோம். இங்கே முதல்நாள் அப்பளம் முறிகிறது என்றால் இந்த அறையில் இருப்பது கொழும்புக் காற்றே இல்லை. நான் அடித்த தண்ணீரை எல்லாம் ஏசி உறிஞ்சி, குழாய் வழியாக வெளியே ஒழுகவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இருந்தாலும் வங்கிப் புத்தி, சரிபார்க்காமல் விடாது. இரண்டு அப்பளம் பொரித்தேன். ஒன்றை ஏசி இல்லாத முன் ஹோலில் வைத்தேன், மற்றதைப் பாம்புத் தொட்டியின் மேல் வைத்தேன். மாலையில் ஹோல் அப்பளம் பழந்துணிபோலத் தொங்கியது. தொட்டி அப்பளம் விறைப்பாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் தொட்டுப் பார்த்து, விறைப்பாக இருந்த ஆதாரத்தைத் தின்றுவிட்டார்.

"அதுக்காக ஏசியை நிப்பாட்டினா அந்த ஆள் வேர்த்துச் செத்துப்போவார்" என்றார்.

"பாம்புக்கு எங்கயப்பா வேர்க்கிறது?"

அன்றே தொட்டியை ஹோலில், வெயில் படாத உட்சுவரோரம் கொண்டுவந்து வைத்தோம். நாறிய மரத்தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாக உலர்ந்ததைப் போட்டேன். அடுத்தது, முழுத் தொட்டியையும் நனைக்காமல் ஒளிந்து கிடக்கிற இடத்தை மட்டும் ஈரமாக வைக்கவேண்டும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குகை அதற்கு உதவாது. சமையலறையின் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தேன். சட்டித் தயிர் வாங்குகிற எந்தக் கொழும்பு வீட்டிலும் இருப்பதுபோல, கழுவிக் கவிழ்த்த மண்சட்டிகள் அங்கே அடுக்கியிருந்தன. எறியவும் மனம் வராது, வைத்து என்ன செய்வது என்றும் தெரியாது. ஒன்றை எடுத்து, குறட்டால் விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்கு வாசல் கொத்தினேன். விளிம்பு கூராக இருந்தது. அதைக் கண்டு பொறுக்காமல் கணவர் மரம் தேய்க்கிற மண்தாளோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பாம்பைத் தொடமாட்டார், ஆனால் பாம்பின் வீட்டு வாசலை விரல் வைத்து விரல் வைத்துப் பார்த்து மழுமழுவென்று தேய்த்துத் தந்தார். தென்னந்தும்பு நாரை நனைத்துப் பிழிந்து தொட்டிக்குள் ஒரு மூலையில் பரப்பி, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து, சட்டியின் முதுகில் தண்ணீர் விட்டேன். மண் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. பாம்பு சுற்றிச் சுற்றி வந்து, நாக்கை நீட்டிப் பார்த்து, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

பிறகு கண் மங்கியது. பழைய செதிலும் சேர்ந்திருந்ததால் இடது கண் மற்றதைவிடக் கூடுதலாக மங்கியது. இரையை மறுத்தது. மகளுக்கு நான் சட்டியைப் பற்றி மூச்சுவிடவில்லை. பாம்பின் கண் மங்கியதை மட்டும் சொன்னேன், அவள் அதை நண்பனுக்குச் சொல்லியிருக்கிறாள். "ஞாயிற்றுக்கிழமை வாறன் அன்ரி. சரியில்லையெண்டா அப்பிடியே கொண்டுபோறன்" என்று அவன் தொலைபேசியில் சொன்னான். அந்த வாரம் முழுக்கச் சட்டியைத் தூக்கிப் பார்க்கக் கை குறுகுறுத்தது. தூக்கவில்லை. முதுகில் தண்ணீர் மட்டும் விட்டேன். நயினை அம்மனிடமும் ஒரு சொல் போட்டு வைத்தேன். நாகத்தைக் குடையாகப் பிடித்திருப்பவளிடம் பாம்பு விஷயத்தைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிறு காலை, பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிப் படுத்திருந்தது. நிறம் அன்றுதான் பூசியதுபோல இருந்தது. சட்டியைத் தூக்கினேன். தும்புக்குள் பழைய சட்டை ஈரமாகச் சுருண்டு கிடந்தது. கிழியாமல் மெல்ல மெல்ல எடுத்து, பல்கனி வெளிச்சத்தில் கறுப்புத் துணி ஒன்றின்மேல் நீட்டிவிட்டேன். வால் நுனி ஊசிபோல முழுதாக இருந்தது. தலையில் இரண்டு சிறு வட்டங்கள், இரண்டு கண்ணின் செதில்கள். இடது வட்டம் மட்டும் தடிப்பு. பழையதும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஓடிப்போய்ப் பாம்பின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் கழுவி வைத்த மிளகுபோல மின்னின.

நான் அழுதேன். வங்கியில் பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கவில்லை. சத்தம் கேட்டுக் கணவர் வந்தார். "இது ஒண்டும் செய்யாதுதானே?" என்று கேட்டுவிட்டு அந்தத் தோலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். நெடுநேரம் கீழே வைக்கவே இல்லை.

நண்பன் வந்தபோது பூப்போட்ட தலையணை உறை ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தான். பாம்பைக் கொண்டுபோக அதுதான் பை. நான் கறுப்புத் துணியைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். தொலைபேசி வெளிச்சத்தில் பாம்பின் கண்ணைப் பார்த்தான், திரும்பத் தோலைப் பார்த்தான்.

"முழுசா வந்திருக்கு அன்ரி. பழையதும் வந்திட்டு." தலையணை உறையைச் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "அந்தச் சட்டி எங்க வாங்கினீங்க?"

"தயிரைச் சாப்பிடுங்கோ தம்பி, சட்டி தானா வரும்" என்றேன்.

மகளுக்குப் படம் அனுப்பினேன். உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள். "எனக்கே ஒருநாளும் இப்பிடி முழுசா வரேல்ல அம்மா. அவன் உங்களோடயே இருக்கட்டும்" என்றாள். நான் பெரிதாக அலட்டிக்கொள்ளாததுபோல, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த சட்டைகள் எல்லாம் முழுதாகவே வந்தன. ஒருநாள் வாசல் மணி அடித்தது. திறந்தால் கொட்டாஞ்சேனைப் பிள்ளை நிற்கிறான். கையில் அதே பூப்போட்ட தலையணை உறை. இந்த முறை அது கனத்துத் தொங்கியது, உள்ளே ஏதோ நெளிந்தது.

"அன்ரி, இவன் ரெண்டு தரமா துண்டு துண்டாத்தான் கழட்டுறான். கண்ணிலயும் நிக்குது. கொஞ்ச நாளைக்கு வச்சுப் பார்ப்பீங்களா?"

நான் அவசரப்படவில்லை. "பாம்புகள் இருக்கிற அறையில ஏசி போட்டிருக்கிறியளோ தம்பி?" என்று கேட்டேன்.

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "ஓம் அன்ரி. மூண்டு நாலு மாசத்துக்கு முன்னம்தான் போட்டது. வெளிநாட்டுப் பாம்புதானே எண்டு."

உறையை அவன் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உள்ளே திரும்பிக் கணவருக்குக் குரல் கொடுத்தேன்.

"இஞ்சருங்கோ, மண்தாளை எடுத்துக்கொண்டு வாங்கோ. இன்னொரு சட்டிக்கு வாசல் வைக்கவேணும்."