கூரை அறுத்த அம்பாசிடர்

ஃபிரிட்ஜைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்க, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, தயிர்க் கிண்ணத்தின் மேல் சாய்த்துவைத்துக் கதவைச் சாத்திய ஆள் என் வீட்டுக்காரர் செந்தமிழன். போன் தயிருக்குள் விழுந்தது. "அணையுதா இல்லியான்னு தெரியாமயே போச்சே" என்று வருத்தப்பட்டாரே தவிர, போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த மனுஷனோடுதான் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

திருச்செங்கோட்டில் அவருக்குப் போர்வெல் ரிக் வண்டி கட்டுகிற வேலை. லாரியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு மேல் பட்டை இரும்பு வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் துளை போடுகிற ரிக்கை ஏற்றுவார். கல்யாணத்துக்கு முன்னால் ரிக்கோடு ராஜஸ்தான் வரை போய்க் குழி போட்டுவிட்டு வந்தவர். ஷெட் வீட்டை ஒட்டியே இருப்பதால், அவர் என்ன கூத்தடித்தாலும் என் கண்ணில் பட்டுவிடும்.

போன வைகாசியில் மோகனூர் ஜீவா ஒரு பழைய அம்பாசிடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லோரும் ஓப்பன் கார் கேட்கிறார்கள் என்று, யாரையோ பிடித்துக் கூரையை அறுத்துவிட்டான். அதற்குப் பிறகு கதவு ஒன்றைக்கூடச் சாத்த முடியவில்லை.

"கூரையத்தானுங்ணா எடுத்தேன். கதவத் தொடவே இல்லீங்களே?" என்றான் பாவமாக.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குள் ஓடிவந்து, மைசூர்பாகு டப்பாவைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, அந்த அட்டை டப்பாவோடு போனார். மூடியோடு முறுக்கினார், அசையவில்லை. மூடியைக் கழற்றி முறுக்கினார், கோணிக்கொண்டது.

"பாத்தியா ஜீவா? லாரிக்கு அடியில தனியா சேஸிஸ் இருக்குது. இதுக்கு அது கெடையாது. தரை, தூணு, கூரை அத்தனையும் சேந்துதான் சேஸிஸு. நீ மூடியக் கழட்டிப்போட்ட. நடுவுல தொங்கிருச்சு."

அதற்கு வைத்தியமும் அவரே சொன்னார். தரைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு கனமான சதுரக் குழாய், அவற்றுக்குக் குறுக்கே சட்டம். ஆனால் வண்டியை முதலில் தூக்கி, தொங்கலை எடுத்து, கதவெல்லாம் ஒழுங்காகச் சாத்திக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். கோணலாக இருக்கும்போது வைத்தால் அந்தக் கோணல் அப்படியே நின்றுவிடும்.

மறுநாள் காலையில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக நாலு ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, நாலு கதவும் வெண்ணெய் மாதிரி சாத்திக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். அதுவரை நானும் மெச்சிக்கொண்டுதான் நின்றேன். அடுத்து அப்படியே அடியில் படுக்கப் போனார். ஜாக்கியைத் தவிர வேறு எதுவும் முட்டுக் கொடுக்கவில்லை.

"ஏனுங்க, நாலு கட்டையாவது அடியில வெய்யுங்க."

"ரிக்கு நாள் பூரா ஜாக்கி மேலதான் நிக்குது. அதுக்கடியில உக்காந்து சோறே தின்னுருக்கறோம். போ வசந்தா."

எங்கள் ஊர் ரிக் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள புத்திதான் இது. குழி போடும்போது அத்தனை பெரிய லாரியே ஜாக்கியில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஜாக்கி என்றால் தூண் என்று நினைத்துவிடுகிறார்கள். ரிக் ஜாக்கியில் எண்ணெய் திரும்பி ஓடாமல் பூட்டிக்கொள்ள வால்வு உண்டு. சந்தையில் விற்கிற இந்தக் குட்டி ஜாக்கிக்கு அந்த மாதிரிப் பூட்டு ஏது? எனக்கு அன்றைக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். வண்டி இறங்கினால் அடியில் படுத்திருக்கிறவர் நெஞ்சு தாங்காது.

கோபத்தில் அங்கேயே நின்றேன். பற்றவைக்கிற சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால், அவ்வப்போது பின்கதவைத் திறந்து சாத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார். சாத்தினேன். சாத்திக்கொண்டது. அவர் இன்னும் கொஞ்சம் பற்றவைத்தார். மறுபடி சாத்தினேன். சாத்திக்கொண்டது. பிறகு வெல்டிங்கை நிறுத்திவிட்டு, அடுத்த குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்காமல் நான் இன்னொரு தடவை தள்ளினேன். இடித்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, கதவு மாட்டுது."

"மாட்டாதே. நாந்தான் ஒண்ணும் பத்தவெக்கலியே. நல்லாச் சாத்து."

"சாத்தித்தான் சொல்றேன். இடிக்குது."

"அதெப்படி இடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்தார். பயந்து வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார். என் பக்கத்தில் குந்தி, கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடுக்கு ஒடுங்கியது. பின்பக்கத்து ஜாக்கி ஒன்று சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கவும், வண்டி சரிந்து, மற்ற ஜாக்கிகளைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்காரவும் சரியாக இருந்தது. அளவு நாடா அடியில் மாட்டிக்கொண்டது.

நான் அழுதேன், திட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவரோ ஜாக்கியை எடுத்து உருட்டிப் பார்த்து, "உள்ளுக்குள்றயே எண்ணெ கசிஞ்சிருக்குது வசந்தா. அந்த மூலை எறங்கவும் வண்டி முறுக்கிருச்சு. அதான் கதவு மொதல்ல சொல்லிருச்சு!" என்றார், என்னவோ புதையல் எடுத்தவர் மாதிரி. ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

ஆனால் அன்றைக்கே போர் குழிக்குள் இறக்குகிற இரும்புக் கேசிங் பைப்பில் பழையதை வெட்டி, அடியில் அகலத் தகடு வைத்து, நாலு தாங்கி செய்தார். ஜாக்கி தூக்குவதோடு சரி, வண்டி உட்காருவது தாங்கி மேல். உட்காரவைத்த பிறகு பக்கவாட்டில் ஓர் உலுக்கு உலுக்கிப் பார்ப்பார். நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படித்தான் அந்த வேலையை முடித்தார். ஷெட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதவு சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டார்.

ஆவணியில் ஜீவா அந்த வண்டியை விட்ட முதல் கல்யாணம், சேந்தமங்கலத்தில். எங்களையும் அழைத்திருந்தான். மேளத்தோடு, பூவெல்லாம் சுற்றிக்கொண்டு அம்பாசிடர் மண்டபத்துக்கு வந்தது. மாப்பிள்ளை இறங்கிக் கதவைத் தள்ளினார். ஒரே தள்ளில் சாத்திக்கொண்டது. ஜீவா எங்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏ வசந்தா, அன்னைக்கு நீ காப்பி வெக்கறதுக்கு ஊட்டுக்குள்ற போயிருந்தீன்னா?"

இத்தனை நாளும் ஜாக்கி ஏன் இறங்கியது, கதவு ஏன் மாட்டியது என்று ஆராய்ந்தவருக்கு இது அப்போதுதான் தோன்றியிருக்கிறது. பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணக் கூட்டத்தில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.