காவிரியில் கொட்டப் போன காசுகள்

போன வருஷம் ஐப்பசி மாதம். துலா ஸ்நானத்துக்காக ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரியும் சமயம். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். அப்பாவின் வருஷ திவசம் முடிந்து அவர் இருந்த பாலக்கரை வீட்டைக் காலி செய்தபோது, அண்ணன் அவருடைய காசு டப்பாவை என் கையில் கொடுத்தான். அப்பா பேங்க் கேஷியர். பழைய காசு என்றால் அவருக்கு உயிர். ஓட்டைக் காலணா, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், ஏதோ ராஜா காலத்துச் செப்புக் காசு என்று எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

விலை தெரிந்தால் அண்ணனுக்குப் பாதி கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மீதிப் பாதியில் புது சமையலறையையும் மனசுக்குள் கட்டி முடித்துவிட்டேன். பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் ஒரு வீடியோ வந்தது. காசுகளைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, போட்டோ எடுத்து அதிலிருந்த நம்பருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் துறையூருக்கு வேலைக்குக் கிளம்பிப் போனதும் போன் வந்தது. இருபது லட்சம் வரை போகும் என்று ஒருவர் தேனாகப் பேசினார். அப்பா என்ன வேலை பார்த்தார், எப்படிச் சேர்த்தார் என்று விசாரித்தார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பேங்கிலிருந்து கோயில் உண்டியல் எண்ணப் போவார் என்பது வரை பெருமையாகச் சொன்னேன். பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டபோதுதான், "வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றேன்.

உடனே குரல் மாறிவிட்டது. "அப்ப இது உண்டியல் காசு. கோயில் சொத்து. உங்கப்பா திருடியிருக்காரு, நீங்க விக்கப் பாக்கறீங்க. பணம் கட்டலேன்னா ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு ஜீப் வரும். யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா அவங்களும் உள்ள போக வேண்டியதுதான்."

வாசலில் ஆட்டோ நின்றால்கூட ஜீப்தான் வந்துவிட்டதோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். அதைவிட மோசமான பயம் ஒன்றும் உள்ளே புகுந்துகொண்டது. ஒருவேளை அப்பா நிஜமாகவே எடுத்திருந்தால்? டப்பாவைப் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு காசும் யாரோ வேண்டிக்கொண்டு போட்டதாகவே தெரிந்தது. செத்துப்போன மனிதரின் பெயர் தெருவெல்லாம் நாறப்போகிறதே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

டப்பா வீட்டில் இருந்தால்தானே வம்பு? காவிரியில் காசு போடுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. பஸ் பாலத்தில் போகும்போதே ஜன்னல் வழியாக வீசுவோம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் துணிப்பையில் கொட்டிக்கொண்டு அம்மா மண்டபத்துக்கு ஓடினேன்.

படித்துறையில் நின்று ஒரு காசை எடுத்து வீசியதுதான் தாமதம், தண்ணீரில் நின்று காசு தேடிக்கொண்டிருந்த ஒருவர் முங்கி அதை எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மொத்தத்தையும் கொட்டினால் இவர்களே அள்ளி எடுத்து ஊரைக் கூட்டிவிடுவார்களே! ஆழமான இடம் பார்த்து இன்னும் கீழே இறங்கினேன். புடவை முழங்காலுக்கு மேல் நனைந்துவிட்டது. கண்ணீரில் படியே சரியாகத் தெரியவில்லை. போன் வேறு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

திடீரென்று யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பினால், காக்கி உடுப்பில் ஒரு பெண் போலீஸ்!

"எங்கப்பா திருடல மேடம், திருடல மேடம்" என்று ஓவென்று அழுதேன்.

"யாருங்க உங்கப்பா? முதல்ல மேல வாங்க. என்ன கஷ்டமா இருந்தாலும் தண்ணியில இறங்கினா தீந்துருமா? வீட்ல புள்ளைங்க இருக்காங்கல்ல?"

நான் விழப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார்! படியில் உட்கார வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். நடந்ததையெல்லாம் உளறிக் கொட்டினேன். போன் மறுபடி அடித்ததும் அவரே வாங்கிப் பேசினார். "சொல்லுங்க, போலீஸ்தான் பேசறேன். நீங்க எந்த ஸ்டேஷன்?" அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள். "பாத்தீங்களா? நல்லவேளை, பணம் கட்டல. வாங்க, இந்த நம்பரை வெச்சே ஒரு புகார் கொடுத்துடலாம்" என்று என் முதுகைத் தட்டினார்.

அண்ணனுக்கு போன் போட வைத்ததும் அவர்தான். நடந்ததை அவனிடம் சொன்னேன். "சம்பளத்துல மிச்சம் புடிச்சு, பழைய சாமான் கடையில பேரம் பேசி வாங்கின காசும்மா அதெல்லாம். உண்டியல் எண்ணப் போற அன்னிக்கு அப்பா மோதிரத்தைக்கூடக் கழட்டி அம்மாகிட்ட கொடுத்துட்டுத்தானே போவாரு. உனக்குத் தெரியாதா?" என்றான். தெரியும். அம்மா அந்த மோதிரத்தைத் தன் கட்டை விரலில் போட்டுக்கொண்டு வேலை செய்ததுகூட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

பிறகு அண்ணனும் நானுமாகப் போய், பழைய நாணயம் வாங்கும் கடையில் காட்டினோம். எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கிற காசுகள்தான், அதையும் புளி போட்டுக் கெடுத்துவிட்டீர்களே என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மொத்தமாகப் போட்டாலும் ஒரு நல்ல பட்டுப்புடவை வாங்கும் அளவுக்குத் தேறினால் அதிகமாம். நாங்கள் விற்கவில்லை.

போனில் மிரட்டியவனை நினைத்தால் இப்போது எனக்குப் பயமில்லை. முகம் தெரியாத ஒருவன் சொன்னதற்காக, பிறந்ததிலிருந்து பார்த்த அப்பாவைத் திருடன் என்று நம்பத் துணிந்த என் மனசை நினைத்தால்தான் இன்னமும் பயமாக இருக்கிறது.