முதலாம் அணியில் ஒன்பது ஆட்டங்கள்

என் கணவர் டென்மார்க்கில் கிரிக்கெட் விளையாடினார் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பனி கொட்டுகிற நாட்டில் கிரிக்கெட்டா என்று கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கடிதத்தில் கேட்டேன்.

கலியாணம் நடந்து மூன்றாம் மாதம் அவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். அவருக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபது. பெரியவர்கள் பேசிச் செய்த கலியாணம். ஒருவருக்கொருவர் கூச்சம் தெளியுமுன்னே அவர் போய்விட்டார். ஓல்போர்க்குக்குக் கிட்ட ஒரு முகாமில் இருப்பதாக முதல் கடிதம் வந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாயிற்று என்று ஆறாவதோ ஏழாவதோ கடிதம் சொன்னது. அதன் பிறகு வந்த எல்லாக் கடிதங்களுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "கேஸ் இன்னும் முடியேல்லை."

அந்த வரிக்கு மேலே இருந்ததெல்லாம் கிரிக்கெட்.

பள்ளிக்கூட நாட்களில் அவர் வேகப்பந்து வீசியவர். முகாமிலிருந்து சைக்கிளில் போன ஒரு நாள், புல்வெளியில் வெள்ளை உடுப்போடு ஆட்கள் நிற்பதைக் கண்டு, கண்ணை நம்பாமல் இறங்கி நின்றிருக்கிறார். அது ஒரு கழகம். அங்கே மூன்று அணிகள். மூன்றாம் அணியில் பள்ளிக்கூடப் பெடியன்களும் வயிறு வைத்த அப்பாமாரும் கலந்து விளையாடுவார்கள். எதிரணியும் அப்படித்தான். சில இடங்களில் மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் ஆட்டம். பந்து வேலியைத் தாண்டினால் சாணிக்குள் தேட வேண்டும். அதில் கெட்டித்தனம் காட்டினால் இரண்டாம் அணி. அதிலும் காட்டினால் முதலாம் அணி. அது நாட்டின் மிக உயர்ந்த பிரிவில் ஆடுவது. தேசிய அணிக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு பெடியனும் மாட்டுப் பண்ணையில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

இரண்டாவது வருடக் கடிதங்களில் ஒரு டேனிஷ் பெடியன் வரத் தொடங்கினான். "என்னோடை மற்றப் பக்கத்திலை இருந்து ஒரு நெட்டைப் பெடியன் பந்து போடுறான். பதினேழு வயசு. தச்சு வேலை பழகிறான். காத்து அடிச்சா முறிஞ்சு போவான் போலை இருக்கு, ஆனாப் பந்து பறக்குது." அடுத்த கடிதத்தில் நெட்டையனுக்கு நான்கு விக்கெட், இவருக்கு மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு பேரையும் இரண்டாம் அணிக்கு எடுத்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றிய காலம் அது. ஒரு கடிதம் கொழும்பு வழியாக வந்து சேர மாதக்கணக்காகும். ஆவலோடு பிரித்தால் நான்கு பக்கம் பந்து வீச்சு, ஒரு வரி கேஸ். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுதிப் போட்டேன்: "நீங்கள் அங்கை என்னைக் கூப்பிடப் போனீங்களோ, பந்து எறியப் போனீங்களோ?"

பதில் அரைப் பக்கம்தான் வந்தது. சுகம், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது, கேஸ் இன்னும் முடியவில்லை. அவ்வளவுதான். கிரிக்கெட் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அவர் இன்னும் தூரமாகப் போய்விட்டது போல் இருந்தது. மறுநாளே எழுதினேன்: "அந்த நெட்டைப் பெடியன் இப்ப என்ன செய்யிறான்?"

ஆறு பக்கத்தில் பதில் வந்தது.

கேஸ் ஏன் முடியவில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளைத் தொடாமல் வைக்கும்படி அரசாங்க மேலிடத்தில் சொல்லியிருந்தது பிற்பாடுதான் வெளியில் வந்தது. கோப்புகள் மறுபடி நகர்ந்தபோது, வரலாம் என்று எனக்கும் கடிதம் வந்தது. நான்கு வருடம் கழிந்திருந்தது.

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவர் எனக்காக ஒரு குளிர்ச் சட்டையோடு நின்றார். அது எனக்கு இரண்டு அளவு பெரிது. அங்கிருந்து ரயில். அந்த ரயில் நேரே கப்பலுக்குள் போய் நின்றது. மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்தோம்.  "குளிருதோ?" என்று நான்கு தரம் கேட்டார். நான்கு தரமும் "இல்லை" என்றேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஓல்போர்க் நிலையத்தில் ஒரு வேனோடு ஒரு டேனிஷ்காரன் காத்திருந்தான். இறங்கி நிமிர்ந்தான், நிமிர்ந்துகொண்டே போனான். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் அக்கா" என்றான். விமானம் ஏறியதிலிருந்து அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

"கடிதத்திலை இருந்ததை விட நெட்டையாய் இருக்கிறான்," என்று கணவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மார்ச் போய், ஏப்ரல் போய், மே வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டில் இருந்தார். கடைக்குக் கூட்டிப் போனார், துறைமுகம் காட்டினார், பஸ்ஸில் எந்தக் கதவால் ஏறுவதென்று சொல்லித்தந்தார். கறியில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். விருந்தாளியைப் போலவே நடத்தினார். நானும் விருந்தாளி போலவே நடந்தேன். கிரிக்கெட் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒருநாள் நிலக்கீழ் அறையில் துவைத்த உடுப்புக் காயப்போடப் போனபோது அவருடைய பை கண்ணில் பட்டது. உள்ளே ஆணி வைத்த வெள்ளைச் சப்பாத்து, அதில் ஒட்டிய காய்ந்த புல், ஒரு பக்கம் பளபளத்து மறு பக்கம் சொரசொரத்த ஒரு பந்து. கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் கதவு மணி அடித்தது. தலைமயிரில் மரத்தூளோடு நெட்டையன் நின்றான். கணவர் வேலையில் இருந்தார். என்னிடம் சில வாரத்து டேனிஷ்தான் இருந்தது. அவன் ஒரு தாளைக் காட்டினான். பெயர்ப் பட்டியல். அதில் கணவரின் பெயருக்குக் கீழே கோடு. மூன்று விரலைக் காட்டினான், ஒன்றை மடக்கினான், இன்னொன்றையும் மடக்கினான். ஒற்றை விரலை மட்டும் உயர்த்தினான். முதலாம் அணி! பிறகு என் கணவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஏன் என்று கையால் கேட்டேன். தயங்கி, அந்த விரலை என் பக்கம் திருப்பினான்.

பின்னேரம் அவர் வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"முதலாம் அணிக்குக் கூப்பிட்டவையாம். ஏன் மாட்டன் எண்டனீங்கள்?"

கோப்பையைக் கீழே வைத்தார். "நாலு வருசம் எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தனீர். இப்ப சனிக்கிழமையும் உம்மைத் தனிய விட்டிட்டுப் போகச் சொல்லுறீரோ?"

"நானும் வாறன்."

"அது ஒரு முழு நாள் அலுப்பு. குளிரும். உமக்கு ஒண்டும் விளங்காது."

"நாலு வருசமாய்க் கடிதத்திலை படிச்சனான். உங்கடை அணியிலை ஆர் பிடி விடுகிறவன், ஆர் ஓடேலாதவன் எண்டு எல்லாம் தெரியும். விளங்கும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் நிலக்கீழ் அறையிலிருந்து பையைக் கொண்டுவந்தார். சப்பாத்தில் இருந்த புல்லை ஒரு கத்தியால் சுரண்டத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்து மற்றச் சப்பாத்தைச் சுரண்டினேன்.

முதல் ஆட்டம் உள்ளூரிலேயே நடந்தது. கடல்நீரேரிப் பக்கமிருந்து காற்று அறைந்தது. பயிற்சியாளரின் மனைவிதான் ஸ்கோர் எழுதுபவர். என்னைத் தன் மேசையில் இருத்தி, போர்வையில் பாதியை என் மடியில் போட்டார். ஓட்டம் இல்லாத பந்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லித்தர முயன்றார். எனக்கு அது தெரியும் என்று கண்டதும் பென்சிலை என் கையிலேயே தந்துவிட்டார்.

அன்றைக்குக் கணவருக்கு விக்கெட் கிடைக்கவில்லை. நன்றாக அடி வாங்கினார். இடைவேளையில் நெட்டையன் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். அவன் ஏன் விளையாடவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பாதி ஆங்கிலமும் பாதி டேனிஷுமாகச் சொன்னார். இருந்தது ஒரேயொரு இடம். என் கணவர் மாட்டேன் என்று நின்றிருந்தால் அது அவனுக்குத்தான் போயிருக்கும்.

என் கையில் பென்சில் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு பந்தை அந்தப் பெண்ணே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கணவரிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "அவனிட்டைக் கேட்டனான். விசரோ உனக்கு, பேசாமல் இருந்திருந்தா இடம் உனக்கல்லோ எண்டு."

"என்ன சொன்னவன்?"

"'நீ வராததாலை எனக்குக் கிடைச்சா அது எனக்குக் கிடைச்ச இடம் இல்லை' எண்டான்."



அந்தக் கோடைதான் நான் என் கணவரை அறிந்துகொண்ட காலம். உப்புக்கு அனுமதி கேட்ட அந்த மனிதர் மைதானத்தில் வேறு ஆளாக இருந்தார். தூரத்திலிருந்து ஓடி வருவார். கடைசி மூன்று எட்டில் உடம்பு முழுவதும் வில்லாக வளையும். பிடி தவறினால் தமிழிலேயே ஏசுவார். அணியில் எல்லாரும் அந்த ஏச்சுகளைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். இவருக்கு இப்படியொரு குரல் இருக்கிறது என்று நான் கண்டேனா! ஐந்தாவது ஆட்டத்தில் நான்கு விக்கெட் எடுத்தார். கடைசி விக்கெட் விழுந்ததும் எல்லாரும் அவர் மேல் பாய்ந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினார். நான் வெட்கத்தில் ஸ்கோர்ப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டேன்.

ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு அவரால் வலக்கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. கிழமை முழுவதும் ஆஸ்பத்திரிச் சலவையில் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கும் தோள், சனிக்கிழமை ஓய்வு கேட்டது. தைலம் பூசித் தேய்த்துவிட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். நானும் சொல்லவில்லை. அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். ஒன்பதாவது ஆட்டத்தில், மூன்றாவது ஓவரில், ஓடி வந்தவர் பந்தை விடாமல் நடுவழியில் நின்றார். பந்தை அணித் தலைவரிடம் கொடுத்துவிட்டு, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்து வந்தார். புத்தகத்தில் அந்த ஓவரை எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பயிற்சியாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நெட்டையன் பந்து வீசினான். இவர் இடது கையால் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தோள் ஒரு குளிர்காலத்தில் ஓரளவு ஆறியது. வேகம் திரும்பி வரவில்லை. இரண்டாம் அணியில் இடம் தருகிறோம் என்றார்கள். "அது பெடியளுக்குத் தேவை," என்று சொல்லி மூன்றாம் அணிக்குப் போனார். அங்கே கையை முழுவதும் உயர்த்தாமல், மெதுவாகப் பந்தைச் சுழற்றப் பழகினார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் தொலைக்காட்சியைத் திறந்தாலே எங்கள் கதை ஓடியது. தமிழ் விவகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கோப்புகளை முடக்கியது பற்றி விசாரணை நடந்தது, கடைசியில் டென்மார்க் அரசாங்கமே போனது. அன்று பின்னேரம், அதற்குள் பிறந்திருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு செய்தி பார்த்தோம். காத்திருந்து காத்திருந்து மனைவியைக் காணாமலே போன ஆட்களும் இருந்தார்கள். நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். செய்தி முடிந்ததும் அவர் சொன்னார்.

"அந்த நாலு வருசமும்தான் என்ரை தோள் நல்லாய் இருந்தது. நான் நல்லாய்ப் போட்டதை நீர் காணவே இல்லை."

 "ஒன்பது கண்டனான்," என்றேன். மகள் அவர் விரலைப் பிடித்துக் கடித்தாள். அவர் அப்படியே கடிக்க விட்டார்.

அடுத்த கோடையில் நெட்டையனைத் தேசிய அணிக்கு எடுத்தார்கள். நாங்கள் மூவரும் ரயிலேறிப் போனோம். சிவப்புத் தொப்பியோடு அவன் ஓடி வந்தபோது கணவர் எழுந்து நின்றுவிட்டார். முதல் ஓவரிலேயே அவனை மூன்று தரம் எல்லைக்கு அடித்தார்கள். நான்காவது ஓவரில் ஒருவனின் நடுக் குச்சியைப் பிடுங்கி எறிந்தான். கணவர் கை தட்டினார், தலைக்கு மேலே தட்ட முடியாததால் வயிற்றுக்கு நேரே வைத்து, உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

"கவலையோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்," என்றார். "அதை விடச் சந்தோசம்."

ஆட்டம் முடிந்ததும் நெட்டையன் வேலிக்கு வந்து மகளைத் தூக்கினான். அவ்வளவு உயரத்தைக் கண்டு அவள் வீரிட்டு அழுதாள். அவசரமாக என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, எப்படி இருந்தது என்று கணவரிடம் கேட்டான்.

"முதல் ஓவரில் பந்தைக் குறைவான தூரத்தில் குத்தினாய்," என்றார் இவர், டேனிஷில்.

இல்லை என்றான் அவன். ஆம் என்றார் இவர். மற்றவர்கள் வந்து அவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்கள் இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, தரையைக் காட்டிக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் புல்லில் இருந்து மகளுக்குப் பால் கொடுத்தேன். எங்கள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது.