கை வைக்கிறதுக்கு முன்னால

1. முதல் நாளே ஒருத்தரை அழ வச்சேன்

கொச்சி மட்டாஞ்சேரியில ஒரு மசாஜ் கடையில சேர்ந்த முதல் நாளே ஒரு கெஸ்ட்டை அழ வச்சிட்டேன். வலியில அழுதிருந்தா மன்னிப்புக் கேட்டு முடிச்சிருக்கலாம். இது வேற அழுகை.

அதுக்கு முன்னாடி ஒரு பெரிய ஹோட்டலோட ஆயுர்வேத சென்டர்ல எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்க ஒரு கெஸ்ட் எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்தவர் துண்டோட நிப்பார். எண்ணெயைச் சூடு பண்ணு, தேய், அனுப்பு, அவ்வளவுதான். அதே பழக்கத்துல இங்கயும் டேபிள்ல குப்புறப் படுத்திருந்த புனேக்காரர் முதுகுல ரெண்டு கையையும் பொத்துனு வச்சேன். மனுஷன் தூக்கி வாரிப் போட்ட மாதிரி எந்திரிச்சு உக்காந்துட்டார். ஐம்பது வயசு இருக்கும். முகத்தை மூடிக்கிட்டு அழறார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

கடை ஓனர் ஜோஜி சேட்டன் என்னை வெளிய கூப்பிட்டார்.

"மாரி, நீ கேட்டியோ?"

"என்னத்தைச் சேட்டா?"

"கை வைக்கட்டுமான்னு."

"மசாஜுக்குத்தானே வந்திருக்கார்? இதுல கேக்க என்ன இருக்கு?"

"எடா மண்டா, இங்க வர்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு மேல கேக்காமதான் கை விழுந்திருக்கு. ஸ்கூல்ல, வீட்டுல, ரோட்டுல. அடியா விழுந்திருக்கு. இங்க கேட்டுட்டுத்தான் வைக்கணும். வாயைத் திறந்து சரின்னு சொல்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. மனசிலாயோ?"

உள்ள போய் மன்னிப்புக் கேட்டேன். கை வைக்கட்டுமான்னு கேட்டேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆச்சு. நின்னேன். அப்புறம் "வைங்க"ன்னார். கால் மணி நேரத்துல அவர் விட்ட குறட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சு!

2. எங்க கடை

கொச்சங்காடிப் பக்கம் பழைய மிளகு குடோன் அது. மழைக்காலத்துல இன்னும் சுவர்லேருந்து மிளகு வாசம் வரும், கெஸ்ட்டுங்க ஏதோ ஸ்பெஷல் தைலம்னு நினைச்சுக்குவாங்க. நாங்களும் மறுக்கிறதில்ல. போர்டுல 'ஆண்களுக்கு மட்டும்'னு எழுதி, ஓரத்துல சின்னதா ஒரு வானவில். ஊர் சுத்திப் பாக்க வர்ற ஆம்பளைங்கதான் கெஸ்ட்டு. முக்காவாசிப் பேர் கே, அதாவது ஆம்பளை மேல மனசு போற ஆம்பளைங்க. ஜோடியா வந்து ஒரே ரூம்ல ரெண்டு டேபிள் கேட்டா மத்த இடத்துல கவுண்ட்டர்ல ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, அந்தப் பார்வை இங்க கிடையாது. சேட்டனும் கேதான், நானும்தான்.

போன் வரும். "கே மசாஜ் சென்டர்தானே?"ன்னு குசுகுசுன்னு கேப்பாங்க. சேட்டன் தெருவுக்கே கேக்குற மாதிரி, "அதே அதே. கே உண்டு, மசாஜ் உண்டு. வேற ஒண்ணும் இல்லா"ம்பார். வேற எதையாவது மனசுல வச்சுக்கிட்டு வர்றவனுக்கு ஒரு சாயா கொடுத்து மரியாதையா அனுப்பிடுவார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஷட்டர்.

கவுண்ட்டர்ல ஒரு சீட்டு. மூணே கேள்வி. எங்க வலி? எங்க தொடக்கூடாது? யாரோட கை வேணும்? மூணாவதுக்கு, சுவர்ல எழுதியிருக்கிற எங்க பேர்லேருந்து கெஸ்ட்டே ஒண்ணைச் சொல்லணும். விரலை நீட்டிக் காட்டினாலோ, யாரா இருந்தாலும் சரின்னாலோ சேட்டன் எழுத மாட்டார். உங்களைத் தொடப்போறவன் யாருன்னு உங்க வாயில வரணும்பார்.

3. வீட்டுல என் பேர்

அப்பா கார்ப்பரேஷன்ல தெரு சுத்தம் பண்ற வேலையில முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். தாத்தா காலத்துல திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து இந்த வேலைக்குன்னே வந்த குடும்பம். தாத்தா பேரு மாரியப்பன். அதைத்தான் எனக்கு வச்சார்.

பாலக்காட்டுலேருந்து ஒரு பொண்ணு ஜாதகம் வந்தப்போ நான் உண்மையைச் சொல்லிட்டேன். "எனக்குப் பொண்ணு வேண்டாம்பா. எனக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு போகுது." அப்பா கத்தல, அடிக்கல. என் பேரைச் சொல்றதை நிறுத்திட்டார். அவ்வளவுதான் தண்டனை. ஆனா அது என்ன சின்னத் தண்டனையா? ஒரே வீட்டுல ஆறு வருஷம்! நான் எதிர்ல தட்டோட உக்காந்திருப்பேன், அம்மாவைப் பார்த்து, "அவன் சாப்பிட்டானான்னு கேளு"ம்பார். எனக்குச் சிரிப்பும் வரும், கோவமும் வரும்.

4. தோள்

அப்புறம் அவருக்கு வலது தோள் இறுகிப் போச்சு. கை இடுப்புக்கு மேல எழும்பல. தலை சீவ முடியல, சட்டை மாட்ட முடியல. அம்மாதான் பட்டன் போட்டு விடணும். அவர் வெட்கத்துல சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பார். டாக்டர் எக்சர்சைஸ் சொல்லி, பதமா எண்ணெய் தேய்ச்சு உழிச்சில் பண்ணினா நல்லதுன்னார். உழிச்சில்தானே என் தொழில்? அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன். "அவன் கை எம்மேல படக்கூடாது"ன்னு பதில் வந்துச்சு.

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. உலகத்துல இருக்கிறவன் முதுகெல்லாம் என் கையை நம்பித் தூங்குது, பெத்த அப்பனுக்கு மட்டும் ஆகாது. "அப்படின்னா தோளைத் தூக்கிப் பரண்ல வைக்கச் சொல்லு"ன்னு கத்திட்டு வந்தேன். அவர் கும்பளங்கிப் பக்கம் எவனோ ஒரு உழிச்சில்காரன்கிட்ட போயிருக்கார். அவன் கையைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்துட்டான். மூணு நாள் தூக்கமில்லாம முனகினார். பக்கத்து ரூம்ல நானும் தூங்கல.

5. பதினோரு மணிக்கு வந்த கெஸ்ட்

அடுத்த வாரம் காலையில துண்டு மடிச்சிக்கிட்டிருக்கேன், வாசல்ல அப்பா! திரைக்குப் பின்னால ஒளிஞ்சிட்டேன். நாப்பது வயசுல, வெட்கக்கேடு.

அவர் குடோனை ஒரு சுத்து பார்த்தார். "இந்த வாசலை எத்தனை நாள் கூட்டியிருக்கேன், உள்ள இப்பத்தான் வர்றேன்"ன்னு சேட்டன்கிட்ட சொன்னார். எதிர் பெஞ்சுல வருஷா வருஷம் வர்ற ஸ்காட்லாந்துக்காரங்க ரெண்டு பேர், ஜோடி. ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியிருக்கும். மசாஜ் முடிஞ்சு கிளம்பற நேரம். ஒருத்தருக்கு விரல் மடங்காது, இன்னொருத்தர் அவருக்கு ஒவ்வொரு பட்டனா போட்டு, காலரைச் சரி பண்ணி விட்டார். அப்பா கண்ணெடுக்காம பார்த்தார். திட்டப் போறார்னு நினைச்சேன்.

"அவருக்கும் தோளா?"ன்னு சேட்டன்கிட்ட கேட்டார்.

"அல்ல அங்கிள், விரலாணு. தினமும் மத்தவர்தான் போட்டு விடறது."

"ம். எங்க வீட்டுலயும் அவதான் போட்டு விடறா"ன்னார்.

சேட்டன் சீட்டை எடுத்தார். எங்க வலி? தோள். எங்க தொடக்கூடாது? அப்படி எதுவும் இல்ல. "யாரோட கை வேணும் அங்கிள்?"

அப்பா திரைப் பக்கம் தாடையை ஆட்டினார். என் கால் திரைக்குக் கீழ தெரிஞ்சிருக்கு!

"பேர் சொல்லணும் அங்கிள். ரூல்."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். அங்கிள்தான் சொல்லணும்."

நானா இருந்தா அந்த இடத்துல எழுதிட்டுப் போயிருப்பேன். சேட்டன் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தார். அப்பா எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனார். போச்சுன்னு நினைச்சேன். செருப்பை மாட்டினவர் கழட்டிட்டுத் திரும்பி வந்தார்.

"மாரியப்பன்."

"மாரி," சேட்டன் எழுதப் போனார்.

"மாரி இல்ல. மாரியப்பன். எங்கப்பா பேரு. முழுசா எழுதுங்க."

உள்ள ஸ்டூல்ல எனக்கு முதுகு காட்டி உக்காந்தார். எண்ணெயைக் கையில ஊத்திக்கிட்டேன். "கை வைக்கட்டுமாப்பா?" கையைக் கட்டிக்கிட்டு நின்னேன், எண்ணெய் முழங்கை வழியா ஒழுகுது.

"என்னத்துக்கு நிக்குறே?" ஆறு வருஷம் கழிச்சு என்கிட்ட நேரா பேசின முதல் பேச்சு அதுதான்.

"நீங்க சொல்லணும்பா. இங்க அப்படித்தான்."

"சரி, வைடா மாரியப்பா."

வச்சேன். அழுதேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும், திரும்பிப் பார்க்கல. ஒரே நாள்ல தோள் இளகிடல. டாக்டர் சொன்ன எக்சர்சைஸோட மூணு மாசம் ஆச்சு, அவரே தலை சீவறதுக்கு. கல்யாணப் பேச்சு வந்தா இன்னும் முகத்தைத் திருப்பிக்குவார். இருக்கட்டும்.

இப்ப நான்தான் இங்க சீனியர். புதுசா சேர்றவங்க எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம்னு கேப்பாங்க. அதெல்லாம் ஒரு மாசத்துல வந்துடும். நான் சொல்றது ஒண்ணுதான். கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. எனக்குப் பதில் வர ஆறு வருஷம் ஆச்சு.