தோரணத்துக்குப் போன மாமர நிழல்

தொண்ணூறுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருடத்துக் கத்திரி வெயிலில் மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்குப் போனேன். அக்காவும் அத்திம்பேரும் அங்கே புதுவீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். அத்திம்பேர் போன் செய்து, "மாங்கன்னு வாடறதுடா, வந்து பாரேன்" என்றார். செடி கொடி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மனுஷர் பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

பத்தரைக்குக் குளத்தருகே பஸ் ஏறி, அடையாறில் ஆட்டோ பிடித்தேன். நீங்கள் போவதானால் வெயில் ஏறுமுன் ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். "இன்னா சார், இந்த வெயில்ல அங்க இன்னா கீது? திரும்பி வர சவாரி கெடைக்காது" என்று ஓட்டுநர் நாற்பது ரூபாய் கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன். வழியெல்லாம் பொட்டல் மனைகள், ஒதுங்க ஒரு மரமில்லை.

மனை வாங்கியபோதே நட்ட கன்று அது. வீடு எழும்பும்வரை அத்திம்பேர் கோபாலபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தார். இப்போது தண்டின் மேற்குப் பக்கத்துப் பட்டை கருகி, வெடித்து, உரிந்துகொண்டிருந்தது.

"கிரகப்பிரவேசத்துக்கு நம்மாத்து மரத்து இலைதான் தோரணம்னு ஒத்தக்கால்ல நின்னார். கீழ்க்கிளை அத்தனையும் வெட்டிண்டு வந்துட்டார்" என்றாள் அக்கா. தண்டுக்கு அதுவரை நிழல் கொடுத்தவை அந்தக் கிளைகள்தான்.

"தண்ணி தேங்கினா ஆகாதுன்னு பாத்துப் பாத்து பண்ணினேன். வெயில் படும்னு தோணவே இல்லியேடா" என்றார் அத்திம்பேர். எனக்குப் பாவமாக இருந்தது.

தண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினோம். குடையில்லாமல் வாசல் தாண்டாத அத்திம்பேர், அந்தக் குடையையும் மேற்குப் பக்கமாகக் கட்டிவிட்டு, வெறுந்தலையோடு என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

புதுவீட்டுக்காரர்களே, கோடைக்கு முன் இளங்கன்றின் கீழ்க்கிளையில் கத்தி வைக்காதீர்கள். வைத்துவிட்டால் அன்றைக்கே தண்டுக்குச் சுண்ணாம்பு பூசி, மேற்கே கீற்று மறைப்புக் கட்டுங்கள். தோரண இலை மயிலாப்பூர் மாட வீதியில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

ஆடியில் மறுபடி போனபோது கன்று சுள்ளியாக நின்றது. வாசலில் அந்தத் தோரணம் சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் போடலாமென்று ஸ்டூலில் ஏறினேன்.

"இருக்கட்டும்டா" என்றார் அத்திம்பேர். "அந்த மரத்துல மிஞ்சினது அதான்."