கோவிந்தப்பன் கண்டுபிடித்த கிழங்கு ரகம்

ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவர் கோவிந்தப்பன். மயிரிழைக் கீறல் இருந்தாலும் சாமானைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவார். வீட்டு இட்லியையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார் என்பது மனைவி லட்சுமியம்மாளின் குறை. வாரக் கடைசியில் பஸ் ஏறிச் சிங்காரப்பேட்டைக்குப் போய்விட்டால் அவர் விவசாயி. அங்கே அந்தக் கண் வேலை செய்யாது. அதற்கும் வார லீவு உண்டல்லவா.

போன வருடம் அவருடைய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் ஒரு செடி மட்டும் தனியாகத் தெரிந்தது. கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகத் துளிர், பொடிப்பொடி இலை, தலைகீழாக நிறுத்திய துடைப்பம் மாதிரி. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். கோவிந்தப்பன் புது ரகம் கண்டுபிடித்துவிட்டதாக முடிவுசெய்து ‘கோவிந்தன் கொத்து’ என்று பெயரும் வைத்தார். கிழங்கு பறிக்கும்வரை பொறுக்காமல், செடி நிற்கும்போதே நடவுக்கென்று குச்சிகளை வெட்டிப் பாகலூரில் மகள் ஜெயப்ரியாவின் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனார். சம்பந்தி சென்னகிருஷ்ணன் லேசில் எதையும் பாராட்டுகிறவர் அல்ல; கல்யாணப் பந்தியில் ரசம் நீர்த்திருந்ததை இன்றும் மறக்காதவர். அவரே "பரவால்லீங்க" என்றார். கோவிந்தப்பனுக்கு அது விருது.

அறுவடை நாளில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து அந்தச் செடியைப் பிடுங்கினார். அடியில் எலிவால் மாதிரி நாலு வேர். கிழங்கு இல்லை. கூட்டம் மரியாதையாகக் கலைந்தது.

கோவிந்தப்பன் ஆபீசுக்குக் கொண்டுபோன கிளையைத் தோட்டக்கலை அலுவலர் ராஜலட்சுமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியின் வேலை போலிருக்கிறது, சோதனைக்கு அனுப்புகிறேன் என்றார். செடியின் சாற்றுக் குழாயில் குடியேறி, துளிர்க்க மட்டும் விட்டுக் கிழங்கு கட்ட விடாதாம். கத்தரியில் சிற்றிலை நோய், எள்ளில் பூவெல்லாம் இலையாவது, எல்லாம் இதன் பங்காளிகளின் கைவரிசைதானாம். மருந்துக்குப் போகாது, குச்சி போகிற ஊருக்கெல்லாம் கூடவே போகும், பூச்சி வழியாகப் பக்கத்துச் செடிக்கும் தாவலாம். பிடுங்கி எரிப்பதுதான் வழி.

"யாருக்காச்சும் குச்சி குடுத்தீங்களா?" என்று கேட்டார். கோவிந்தப்பன் கூரையைப் பார்த்தார்.

சொல்லாவிட்டால் மகள் வீட்டு வெள்ளாமை மொத்தமும் துடைப்பமாகிவிடும். சொன்னால் நீர்த்த ரசத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவள் ஜெயப்ரியா. இரண்டையும் நிறுத்துப் பார்த்தவர், ஷிப்ட் முடிந்ததும் நேரே பாகலூருக்குப் போனார்.

காப்பி டம்ளரைத் தொடாமலே எல்லாவற்றையும் கொட்டினார். "என் தப்புங்க சம்பந்தி. உங்க காட்டுல இருக்கறத நானே பிடுங்கி எரிச்சிர்றேன். பாப்பாவ மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க."

சென்னகிருஷ்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். ஜெயப்ரியாதான் வாசற்படிக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மாமா அந்தக் குச்சியைத் தளியில் இருக்கும் தன் மச்சான் திம்மப்பனுக்கும் கொடுத்திருக்கிறார்; அதுவும், தானே கண்டுபிடித்த ரகம் என்று சொல்லி. பெயர் ‘கிருஷ்ணன் கொத்து’.

"அப்பறம் என்னங்க, வண்டிய எடுங்க" என்றார் சம்பந்தி, யார் முகத்தையும் பார்க்காமல்.

பாகலூர்ச் செடிகளை எரித்த கையோடு இருவரும் ஒரே பைக்கில் தளிக்குப் போனார்கள். முழுக் கதையையும் கேட்ட திம்மப்பன், அப்படியானால் இந்த ரகம் உண்மையில் யாருடையது என்று கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார். சம்பந்தியுடையதுதான் என்று கோவிந்தப்பன் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். சேச்சே, பெருமையெல்லாம் பெண் கொடுத்தவருக்குத்தான் என்றார் சென்னகிருஷ்ணன்.

திம்மப்பன் ஆளுக்கொரு கடப்பாரையைக் கொடுத்துக் காட்டைக் காண்பித்தார்.