கிரகணத்துக்கு முன்பே

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறி எங்கள் அருகே அமர்ந்தவர் விலங்கியல் பேராசிரியர். மெலிந்தவர், சட்டையில் ஃபார்மலின் வாடை, எதையும் கைகளால் செய்துகாட்டியே பேசினார். நடை தள்ளாடும் எங்கள் ஆறு வயது மகளைப் பற்றி விசாரித்தார்.

"சிறுமூளை சரியா சேரலையாம் சார். ஏழாம் மாசம், கிரகணத்தன்னிக்கு நான் காய் நறுக்கிட்டேன்," என்றாள் மனைவி.

அவர் இரு உள்ளங்கைகளையும் மெல்ல நகர்த்தி ஒட்டவைத்தார். "சிறுமூளையோட ரெண்டு பக்கமும் இப்படி நகர்ந்து வந்து நடுவுல சேரணும்மா. கோழிக்கருவுல எம்புட்டோ தடவை பாத்திருக்கேன். மனுசப் பிள்ளைக்கு அது அஞ்சு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். ஏழாம் மாசத்துக் கிரகணம் என்ன செய்யும்?"

"அப்ப எம்மேல தப்பில்லையா சார்?"

"இல்லவே இல்லம்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடமாக அந்தக் கிரகணத்தைச் சொல்லிக்காட்டியவன் நான். ராஜபாளையத்தில் அவர் இறங்கியபோது அவள் கைகூப்பினாள்.